இரண்டு வருஷக் குறை

2006 ஜூலையில், இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து வாடகை வீட்டின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று 19-ஆம் எண் படிவம், பி.எஃப். பணத்தை முழுவதும் எடுக்க. இன்னொன்று 10 சி, அதே பி.எஃப்.பின் பென்ஷன் பகுதிக்கு. 10 சி-யில் ஒரு கேள்வி உண்டு: பணமாக வேண்டுமா, ஸ்கீம் சர்டிஃபிகேட்டாக வேண்டுமா? சென்னை அலுவலகத்தில் இருந்த நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது வெறும் பேப்பர்டா. நீ எங்க திரும்பி வரப்போற? காசை வாங்கு" என்றான். வாங்கினேன். அந்தக் காசு ஒரு செகண்ட் ஹாண்ட் காருக்கு முன்பணமாகப் போனது. காரும் போய் வெகு காலமாகிவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வருஷ சர்வீஸ். 1995-இல் வந்த அந்தப் பென்ஷன் திட்டத்தில் மாதாமாதம் பென்ஷன் வர பத்து வருஷம் வேண்டும். அந்த 'வெறும் பேப்பர்' என் எட்டு வருஷத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். என்றாவது திரும்பி வந்து இரண்டு வருஷம் வேலை பார்த்தால் பத்தாகியிருக்கும், 58 வயதிலிருந்து ஆயுசுக்கும் ஏதோ ஒரு தொகை வந்திருக்கும். ஏதோ ஒரு தொகைதான். சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும் என்பது கணக்கு. அன்றைய சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். எட்டு வருஷத்துக்கு மாதம் 740 ரூபாய் சொச்சம். குடும்பம் நடத்துகிற காசு இல்லை. ஆனாலும் நான் அந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பது வருஷம் கழித்து, திருச்சிக்கே திரும்பிவிடுவது என்று முடிவான பிறகு, அதே எட்டும் பத்தும் வேறு ஒரு நாட்டின் திரையில் என் முன்னால் வந்து நின்றது. இந்த முறை என் பெயரில் இல்லை, என் மனைவி பெயரில்.

பிரிட்டனில் சம்பளத்திலிருந்து நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று பிடிப்பார்கள். எல்லோரும் என்ஐ என்பார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. நாட்டை விட்டுப் போனால் பென்ஷன் எல்லாம் போச்சு என்பது ஒரு கட்சி. போகும்போது கட்டிய என்ஐ-யைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு. என்ஐ பி.எஃப். மாதிரி நம் பெயரில் சேர்ந்திருக்கும் பணம் இல்லை, அதைத் திரும்பத் தர மாட்டார்கள். ஆனால் சம்பாதித்த பென்ஷன் உரிமை நாம் எங்கே போனாலும் போகாது. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டும் வாங்கலாம்.

அடிப்படை இவ்வளவுதான். 2016 ஏப்ரலுக்குப் பிறகு பென்ஷன் வயதை எட்டுகிறவர்களுக்குப் புதிய அரசுப் பென்ஷன். முழுத் தொகைக்கு 35 வருஷ என்ஐ வேண்டும். பத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. நடுவில் இருந்தால் அந்த விகிதத்துக்கு. கணக்கு வாரக் கணக்கு. 2025-26-இல் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. 2016-க்கு முன்னால் அரசு மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களின் பென்ஷன் திட்டங்களில் இருந்தவர்களுக்கு இதில் ஒரு கழிவும் உண்டு. 35 வருஷம் கட்டியும் ஏன் முழுசாக வரவில்லை என்று கேட்கிறவர்களில் பலர் இவர்கள்தான்.

அரசாங்கத் தளத்தில் உள்ளே போனால் நம் பென்ஷன் எவ்வளவு வரும் என்று பெரிய எழுத்தில் காட்டும். அந்த எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. எனக்கு ஏறக்குறைய முழுத் தொகையையே காட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். நான் 67 வயது வரை அங்கேயே வேலை பார்த்து என்ஐ கட்டிக்கொண்டே இருப்பேன் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மூட்டை கட்டுகிறவன் பார்க்க வேண்டியது அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்: இதுவரை கட்டியதற்கு மட்டும் எவ்வளவு என்பது. அது ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

பிறகு வருஷவாரியாகப் பட்டியலைத் திறந்தேன். நான் 2005 மே மாதம் வந்தேன், பட்டியலோ 2006-07-இல் தொடங்குகிறது. ஒரு வருஷத்தைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால் விஷயம் வேறு. சென்னை கம்பெனி ஆன்சைட்டில் அனுப்பி வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் முதல் 52 வாரம் என்ஐ பிடிக்க மாட்டார்கள். கையில் நாலு காசு கூடுதலாக வருகிறது என்று அப்போது நாங்கள் எல்லோரும் கொண்டாடிய அதே 52 வாரம்.

இன்னொரு வருஷமும் 'முழுமையில்லை' என்று சிவப்பில் நின்றது: 2013-14. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம். ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனவன், அடுத்த ஏப்ரலில்தான் திரும்ப வேலையில் சேர்ந்தேன். முழு வருஷமும் காலி என்று நினைத்திருந்தேன். ஆனால் 31 வாரம் இருக்கிறது, 21 வாரம்தான் குறை என்று காட்டியது. ஒரே ஒரு மாதச் சம்பளம் எப்படி 31 வாரத்தை நிரப்பும்?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. அந்த ராத்திரி வீண் போகவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அவர்கள் வாரங்களை எண்ணுவதில்லை, பணத்தை எண்ணுகிறார்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சச் சம்பள வரம்பு இருக்கிறது. அதன் 52 மடங்கை ஒரு நிதியாண்டுக்குள் சம்பாதித்துவிட்டால் வருஷம் முழுமை, அது இரண்டே மாதத்தில் நடந்தாலும் சரி. 2025-26-க்கு அந்த வரம்பு வாரம் 125 பவுண்டு, அதாவது வருஷத்துக்கு 6,500. ஒரு மாதச் சம்பளத்தில் எவ்வளவைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதற்கு மேல்வரம்பு உண்டு, 4,189 பவுண்டு. ஐடி சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டு மாதம் போதும்.

அங்கே நிதியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. நாங்கள் மார்ச் கடைசியில் கிளம்புவதாகத்தான் இருந்தோம். ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளம் வாங்கிவிட்டுக் கிளம்பினால் 2025-26 முழுசாக என் கணக்கில் ஏறிவிடும். சின்னவளின் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் ஜூனில்தான் முடிகிறது என்பதால் வீட்டில் எதிர்ப்பில்லை. டிக்கெட்டை ஜூலைக்கு மாற்றினேன். 2013-14-இன் 21 வாரக் குறைக்கு 332 பவுண்டு 85 பென்ஸ் கட்டினேன். ஆக, என் கணக்கில் இருபது வருஷம். 35-இல் 20 பங்கு, 2025-26 விலையில் வாரம் 131 பவுண்டு சொச்சம்.

என் பட்டியலை முடித்த களிப்பில் மனைவியின் பட்டியலைத் திறந்தோம்.

அவள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகப் பகுதி நேர வேலைக்குப் போக ஆரம்பித்தது 2017-இல். அதற்கு முன் குழந்தைகள். நடக்கிற வருஷத்தையும் சேர்த்து எண்ணினால் எட்டு. எட்டு என்றால் 35-இல் எட்டுப் பங்கு என்று அவள் நினைத்தாள். "வாரத்துக்கு ஐம்பதாவது வருமில்ல?" என்று கேட்டாள். பத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகப் புரிந்தது. 10 சி கதை அவளுக்கும் தெரியும்.

கதையில் என் பங்கு இதோடு முடியவில்லை. பிரிட்டனில் குழந்தைகளுக்காக அரசு ஒரு படி தருகிறது. அந்தப் படிக்கு விண்ணப்பித்த தாய்க்கோ தகப்பனுக்கோ, வேலைக்குப் போகாவிட்டாலும், குழந்தைக்கு 12 வயதாகும் வரை என்ஐ வருஷம் இலவசமாகச் சேரும். வேலை விசாவில் இருக்கும்வரை இந்தப் படி கிடையாது. எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை வந்தது 2012 கடைசியில். மறு மாதமே, 2013 ஜனவரியில், புது விதி வந்தது. 2024 ஏப்ரல் வரை இருந்த வரம்புப்படி, கணவன் மனைவியில் ஒருவர் சம்பளம் 50,000 பவுண்டைத் தாண்டினால் படி கொஞ்சம் கொஞ்சமாக வரியாகத் திரும்பிப் போகும், 60,000-இல் மொத்தமும் போய்விடும். என் சம்பளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. "இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறதுக்கு எதுக்கு ஃபாரம்?" என்று அந்த விண்ணப்பத்தை மேஜை இழுப்பறையில் போட்டவன் நான். பணம் வேண்டாம், விண்ணப்பம் மட்டும் பதிவாகட்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்திருந்தால் போதும், 2014-15, 2015-16 எல்லாம் அவள் பெயரில் சும்மாவே ஏறியிருக்கும். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அதிகச் சம்பளக்காரக் கணவன்மார் இதே நியாயத்தைப் பேசி மனைவியின் பென்ஷனை இழுப்பறையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லவேளை, ஒரு ஜன்னல் திறந்திருந்தது. வழக்கமாக ஆறு வருஷம்வரைதான் பின்னால் போய் விட்டுப்போன என்ஐ-யைக் கட்டலாம். அப்போது மட்டும் 2006 வரை பின்னால் போக விட்டிருந்தார்கள், 2025 ஏப்ரல் 5 வரை. இலவசமாக வந்திருக்க வேண்டிய அதே இரண்டு வருஷத்தை ஒவ்வொன்றும் 824 பவுண்டு 20 பென்ஸ் கொடுத்து மார்ச்சில் வாங்கினோம். பதினெட்டு இலக்க எண் ஒன்று தருவார்கள், அதைப் போட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். ஒரு இலக்கம் தவறினால் பணம் எங்கேயோ போய் நிற்கும் என்பதால் அவள் வாசிக்க நான் தட்டினேன், அப்புறம் நான் வாசிக்க அவள் சரிபார்த்தாள்.

கணக்கைப் பாருங்கள். எட்டில் நின்றிருந்தால் பூஜ்யம். 1,648 பவுண்டு கட்டிப் பத்தானதும் வாரம் 65.79, வருஷத்துக்கு 3,421 பவுண்டு. பதினொன்றாவது வருஷமோ பன்னிரண்டாவதோ வாங்கினால் வாரத்துக்கு ஆறரைப் பவுண்டுதான் கூடும். பத்தாவது வருஷத்துக்கு மட்டும் அப்படி ஒரு விலை. கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: உங்கள் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் யார் கணக்கு பத்துக்குக் கீழே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது மனைவியாகத்தான் இருக்கும்.

சரி, இவ்வளவும் வாங்கியாயிற்று. இந்தியாவுக்கு வந்தால் இது எப்படி வரும் என்பது கும்பகோணத்துப் பெரியப்பாவைப் பார்த்தால் தெரியும்.

மனைவியின் பெரியப்பா 1972-இல் லெஸ்டருக்குப் போனவர். ஆலையிலும் பிறகு தபால் பிரிக்கும் வேலையிலுமாக முப்பத்தெட்டு வருஷம். 2010-இல் 65 வயது முடிந்ததும் கும்பகோணத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷத்து முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 97.65 பவுண்டு. 2025-26-இல் அதே பென்ஷன் பிரிட்டனில் இருப்பவருக்கு 176.45. பெரியப்பாவுக்கு இன்றும் 97.65. இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு முதல் நாள் என்ன தொகையோ அதிலேயே உறைந்துவிடும். இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் இதே விதி. இப்படி உறைந்துபோனவர்கள் நாலரை லட்சம் பேர்.

"ரூபாயில பாத்தா ஏறித்தான் இருக்கு" என்பார் பெரியப்பா. உண்மைதான். அப்போது ஒரு பவுண்டு சுமார் 70 ரூபாய், இப்போது 115-க்கு மேல். உறைந்த பென்ஷனை ரூபாயின் வீழ்ச்சி கொஞ்சம் உருக்கிக் கொடுக்கிறது. ஆனால் கும்பகோணத்தில் டிகிரி காபி விலை அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது.

எந்த நாட்டுக்கு ஏறும், எந்த நாட்டுக்கு ஏறாது என்பதில் ஒரு நியாயத்தைத் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் இருந்தால் வருஷா வருஷம் ஏறும், எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனால் நின்றுவிடும். பிலிப்பைன்ஸுக்கு ஏறும். மொரீஷியஸுக்கு ஏறும். ஓய்வு பெற்று மொரீஷியஸில் குடியேறிய தமிழருக்கு ஏறும், கும்பகோணத்தில் குடியேறியவருக்கு ஏறாது. எந்தெந்த நாட்டோடு எந்தக் காலத்தில் ஒப்பந்தம் போட்டார்கள் என்பதைத் தவிர இதற்குக் காரணம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வசித்த ஆனெட் கார்சன் என்ற பெண்மணி இதை எதிர்த்து பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார். 2010 மார்ச்சில் அங்கே 17 நீதிபதிகளில் 11 பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பெரியப்பா அதே வருஷம்தான் ஊருக்கு வந்தார். அவருக்கு அந்த வழக்கு பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரு வேடிக்கை உண்டு. உறைந்த பென்ஷன்காரர் பிரிட்டனுக்குப் போய்த் தங்கினால், தங்கியிருக்கும் நாளுக்கு மட்டும் இன்றைய தொகையைக் கேட்டு வாங்கலாம். பெரியப்பா மகன் வீட்டுக்கு ஐந்து மாதம் போனபோது எழுதிக் கேட்டார், கொடுத்தார்கள். விமானம் ஏறித் திரும்பியதும் பழையபடி 97.65. "ஏரோப்ளேன்ல ஏறினா பென்ஷன் இறங்குது" என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் ஜோக்.

அவ்வப்போது நியூகாசிலில் இருக்கும் பிரிட்டிஷ் பென்ஷன் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கவர் வரும். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும் லைஃப் சர்டிஃபிகேட். பொறுப்பான ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு முறை கவர் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது. பதில் வராததால் பென்ஷன் நின்றது. நாங்கள் ரெடிங்கிலிருந்து ஃபோன் செய்து, வேறு படிவம் வரவழைத்து, பெரியப்பா வங்கி மேனேஜர் முன்னால் போய் நின்றார். "பேங்க்ல எனக்கு நாப்பது வருஷமா கணக்கு இருக்கு, உயிரோட இருக்கேன்னு இன்னிக்குத்தான் கேக்கறாங்க." நின்ற பணம் பிறகு மொத்தமாக வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் தினமும் தபால்காரருக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முகவரி மாறினால் முதலில் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்பது அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே அறிவுரை.

உறைவதைப் பற்றி ஒன்றை மட்டும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நாம் நாட்டை விட்டுக் கிளம்பும் நாளில் அது உறைவதில்லை, பென்ஷன் வாங்க ஆரம்பிக்கும் நாளில்தான் உறையும். எனக்கு 67 வயதாவது 2041-இல். மனைவிக்கு, இன்றைய சட்டப்படி 68, அதாவது 2047. அதுவரை எங்கள் பங்கு 35-இல் இருபது, 35-இல் பத்து என்றுதான் நிற்கும். அந்த 35-இன் மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். 2047-இல் முழுத் தொகை எவ்வளவோ, அதில் பத்துப் பங்கு அவளுக்கு. அதற்குப் பிறகுதான் பெரியப்பா நிலைமை.

ஊரிலிருந்தபடியே மீதி வருஷங்களையும் வாங்கலாமா? ஜூலையில் வந்தபோது எனக்கு அருமையான திட்டம் இருந்தது. அங்கே வேலையில் இருந்துவிட்டுக் கிளம்பி இங்கேயும் வேலை பார்க்கிறவர்கள் கிளாஸ் 2 என்ற மலிவு விலையில் கட்டலாம், வருஷத்துக்கு 182 பவுண்டு. அதற்கு ஈடாக ஆயுசுக்கும் வருஷம் 342 பவுண்டு. எந்தச் சீட்டுக் கம்பெனியும் இப்படிச் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவோம். பிரிட்டிஷ் நிதியமைச்சருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் அதை மூடிவிட்டார்கள். 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டிலிருந்து கட்டுகிறவர்களுக்கு விலை கூடிய கிளாஸ் 3 மட்டும்தான். 2025-26 கணக்கில் அது வருஷத்துக்கு 923 பவுண்டு. அதோடு இன்னொன்று: முன்பு மூன்று வருஷம் அங்கே இருந்திருந்தாலே வெளியிலிருந்து வாங்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இனி பத்து வருஷம் வேண்டும். நாலைந்து வருஷம் ஆன்சைட் இருந்துவிட்டு வந்து, மீதியை மெதுவாக வாங்கிப் பத்தாக்கிவிடலாம் என்றிருந்தவர்களுக்குத்தான் இதில் பெரிய அடி. என் பழைய டீமிலேயே மூன்று பேர் அப்படி.

923 கொடுத்தாலும் பென்ஷன் வாங்க ஆரம்பித்த மூன்றாவது வருஷம் முடிவதற்குள் கைக்கு வந்துவிடுகிற பணம்தான். ஆனால் கொடுப்பது இன்றைக்கு, வருவது 2041-இல், அதுவும் உறைந்து. நான் வருஷத்துக்கு ஒன்று என்று சிலதை வாங்குவேன், எல்லாவற்றையும் வாங்க மாட்டேன். ஆறு வருஷம் பின்னால் போக முடியும் என்பதால் இன்றே ஓட வேண்டியதும் இல்லை.

செப்டம்பரில் திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் எச்.ஆர். பெண் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாள். அதில் பி.எஃப்.புக்கான 11-ஆம் எண் படிவம் இருந்தது. 1995 பென்ஷன் திட்டத்தில் இதற்கு முன் உறுப்பினராக இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. 2014 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக பி.எஃப்.பில் சேர்கிறவருக்குச் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால் அந்தத் திட்டத்தில் இடமில்லை. பழைய உறுப்பினர் என்றால் தொடரலாம்.

"இருந்தேம்மா" என்றேன். "எட்டு வருஷம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ ஸ்கீம் சர்டிஃபிகேட் இருக்கணுமே சார், கொண்டு வந்திருக்கீங்களா?"